இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி

எங்கள் அலுவலகத்தில் சோதனைத் தாள் என்று ஒன்று உண்டு. தாள் என்று பெயரே தவிர, அது கணினியில் இருக்கிற ஒரு பட்டியல். மொத்தம் முந்நூற்று நாற்பது வரிகள். தளத்தில் எதையாவது மாற்றி வெளியிடுவதற்கு முன்னால் அந்த முந்நூற்று நாற்பதையும் நான் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சை, தவறாக இருந்தால் சிவப்பு வைக்க வேண்டும். கடைசியில் என் பெயரைப் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். ஒரே ஒரு வரி சிவப்பாக இருந்தாலும் வெளியீடு நின்றுவிடும். முதலாளியே வந்து தலைகீழாக நின்றாலும் நான் வைத்த சிவப்பை வேறு யாரும் பச்சையாக்க முடியாது. நிறுவனத்தின் சட்டப் புத்தகத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது.

நான்கு வருடமாக இதுதான் என் வேலை. எனக்கு முன்கோபம் அதிகம் என்று அலுவலகத்தில் பேர். ஒரு பொத்தான் மயிரிழை தள்ளி நின்றால்கூட சிவப்பு வைத்து, எழுதினவரைக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்துவிடுவேன். நான் வருகிறேன் என்று தெரிந்தால் தேநீர் அறையில் பேச்சு நின்றுவிடும் என்று சொல்வார்கள். அப்படிப்பட்ட நான் இருநூற்றுப் பன்னிரண்டாவது வரிக்கு நாற்பத்தொரு முறை பச்சை வைத்திருக்கிறேன். அந்தக் கணக்கைப் பிறகுதான் எடுத்தேன்.

எங்கள் தளம் உடம்புக்கு வருகிற தொந்தரவுகளைப் பற்றியது. தலைவலி என்று ஒருவர் தட்டினால் அது எதனால் வரும், எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்று சொல்லும். சின்னச் சின்ன பரிசோதனைகளும் உண்டு. கண்ணுக்கு ஒன்று, ஞாபகத்துக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. வெளியே சொல்லக் கூச்சப்படுகிற எல்லாவற்றையும் மக்கள் எங்கள் பக்கத்தில் வந்து கேட்பார்கள். பக்கத்தில் இருக்கிற மனிதரிடம் கேட்காததை எங்களிடம் கேட்டார்கள் என்றால், எவ்வளவு நம்பியிருக்க வேண்டும்.

பிரவுசரில் ஒரு செட்டிங் உண்டு. அதைத் தட்டி வைத்துவிட்டால், நாம் எந்தத் தளத்துக்குப் போனாலும் பிரவுசர் வாசலிலேயே சொல்லிவிடும்: இவரைப் பின்தொடராதீர்கள், இவர் இங்கே பார்ப்பதை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். அது பூட்டெல்லாம் கிடையாது. வாய் விட்டுக் கேட்டுக்கொள்வது, அவ்வளவுதான். கேட்டதை மதிப்பதும் மதிக்காததும் தளத்தின் மனசாட்சி. எங்கள் தளம் மதிக்கும். அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். ஏனென்றால் என் இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி இப்படிக் கேட்கும்: பிரவுசரில் பின்தொடராதே என்று வைத்திருந்தால், பக்கத்தின் அடியில் 'உங்கள் விருப்பத்தை மதிக்கிறோம்' என்ற பச்சை எழுத்து தெரிகிறதா? நான் செட்டிங்கைப் போட்டுப் பார்ப்பேன். பச்சை எழுத்து பளிச்சென்று தெரியும். நானும் பச்சை வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். கூண்டில் நிற்கிறவர் சொல்வதைச் சொன்னபடியே எடுத்து, தட்டச்சு செய்து, அவருக்கே படித்துக் காட்டி, இது நீங்கள் சொன்னதுதானா என்று கேட்டு, ஆமாம் என்றால்தான் கையெழுத்து வாங்குவாள். பத்தொன்பது வருடமாக இதே வேலை. படித்துக் காட்டாமல் ஒரு தாள்கூட அவள் மேசையை விட்டு நகர்ந்ததில்லை. வீட்டிலும் அப்படித்தான். கடைக்குப் போகும்போது நான் சொல்கிற சாமான்களை எழுதிக்கொண்டு, வாசலில் செருப்பு மாட்டியபடியே என்னிடம் படித்துக் காட்டுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை, சாப்பாட்டு மேசையில் இடம் மாறி உட்காரச் சொன்னாள். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்றாள். அந்தப் பக்கம் ஜன்னலே கிடையாது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். நான்தான் உலகத்தில் உள்ள பொத்தானெல்லாம் நேராக இருக்கிறதா என்று பார்க்கிறவளாயிற்றே, எதிரில் இருக்கிறவள் எந்தக் காதைத் திருப்புகிறாள் என்று எங்கே பார்த்தேன். போன மாதம்தான் அவளே சொன்னாள். இடது காதில் காற்று அடைத்த மாதிரி இருக்கிறது, சில சமயம் கேட்கிறது, சில சமயம் இல்லை. நீதிமன்றத்தில் சாட்சியின் பக்கம் வலது காது இருக்கும்படி நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள்கிறாளாம். சந்தேகம் வந்தால் அங்கேயே நிறுத்தி மறுபடி சொல்லச் சொல்கிறாளாம்.

முதலில் எங்கள் தளத்தில் காதுப் பரிசோதனை செய்து பார் என்று சொன்னது நான்தான். நானே சோதித்த பக்கம், கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று பெருமையாகச் சொன்னேன். அவளுக்குத் தயக்கம். தொழிலே காதை நம்பியிருக்கிறது, இது எங்காவது பதிவாகிவிடுமோ என்று பயந்தாள். நான் அவள் மடிக்கணினியை வாங்கி, செட்டிங்கை நானே தட்டி வைத்து, பக்கத்தின் அடியில் வந்த பச்சை எழுத்தைக் காட்டினேன். அவள் குனிந்து அதை ஒரு முறை வாய்விட்டுப் படித்தாள். பிறகு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

ஒவ்வொரு காதுக்கும் பத்து ஒலிகள். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வலது காதுக்குப் பத்துக்குப் பத்து. இடது காதுக்கு மூன்று. அக்கா அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடிக்கணினியை மூடினாள். அன்றைக்கே காது மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். மூன்று வாரம் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. மருத்துவர் அறிக்கை கையில் வந்ததும் தலைமை எழுத்தரிடம் நானே போய்ச் சொல்வேன், எந்தக் காது, எவ்வளவு, எந்தப் பக்கம் உட்கார வைத்தால் வேலை கெடாது என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்வேன் என்றாள். அதுவரை மூச்சு விடாதே என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை.

நான் மூச்சு விடவில்லை. நான் வேலை பார்க்கிற இடம் தண்டோரா போட்டுவிட்டது.

மூன்றாவது வாரத்தில் சுருக்கெழுத்தர்களின் மாதக் கூட்டம். பதினான்கு பேர், நீண்ட மேசை, சுவரில் பெரிய திரை. கூட்டக் குறிப்பு எடுப்பது அக்கா என்பதால் அவளுடைய மடிக்கணினியைத்தான் திரையில் இணைத்திருந்தார்கள். ஒரு சாட்சி சொன்ன சொல்லுக்கு என்ன பொருள் என்று இரண்டு பேருக்குள் வாக்குவாதம். அக்கா ஒரு அகராதித் தளத்தைத் திறந்தாள். சொல்லுக்குப் பொருள் வருவதற்கு முன்னால் சுவர் முழுக்க விளம்பரம் வந்தது: 'இடது காதில் மட்டும் கேட்பது குறைகிறதா?'

எல்லோரும் சிரித்தார்கள். யாருடைய காது என்று ஒருவர் கிண்டலடித்தார். அக்கா அதை மூடிவிட்டு அடுத்த சொல்லைத் தேடினாள். மறுபடி அதே விளம்பரம். மூன்றாவது முறை ஒரு பெண் தன் இடது காதைத் தொட்டுக்கொண்டு நிற்கிற படம், கீழே 'உங்கள் பரிசோதனை முடிவுக்கு ஏற்ற கருவி' என்று எழுத்து. அதைப் பார்த்ததும் தலைமை எழுத்தர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். திருப்பிப் போட்ட நாற்காலி, மறுபடி சொல்லச் சொன்ன சாட்சிகள் எல்லாவற்றையும் அவர் அந்த நிமிடத்தில் முடிச்சுப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

அவர் மோசமான மனிதர் இல்லை. கூட்டம் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுத்தான், அது உங்கள் காதா என்று கேட்டார். பத்தொன்பது வருடமாக மற்றவர்கள் உண்மை சொல்வதைத் தட்டச்சு செய்தவள் பொய் சொல்வாளா. ஆமாம் என்றாள். அவருக்கும் வேறு வழியில்லை. மருத்துவர் சான்றிதழ் வரும்வரை நீதிமன்றக் கூடத்தில் உட்கார வேண்டாம், நகல் பிரிவுக்குப் போங்கள் என்றார். இத்தனை நாள் இதை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார். கடந்த ஆறு மாதத்தில் அவள் எடுத்த வாக்குமூலங்களை யாராவது வழக்கறிஞர் சந்தேகப்பட்டால் நீதிமன்றத்தால் பதில் சொல்ல முடியாது என்றும் சொன்னார். மருத்துவரைப் பார்க்க இன்னும் நான்கு நாள்தான் பாக்கி. நான்கு நாள் கழித்து அவளே போய்ச் சொல்லியிருந்தால் நேர்மையான ஊழியர் என்று பேர் வாங்கியிருப்பாள். இப்போது மறைத்தவள் என்று பேர்.

அன்றைக்கு நான் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் மூன்று மணிக்கே அக்கா வந்துவிட்டாள். பையை வைத்தாள், தன் நாற்காலியில் உட்கார்ந்தாள், நடந்ததைப் படித்துக் காட்டுகிற குரலில் வரிசையாகச் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்க சைட்லதான் அந்தப் பரிசோதனை பண்ணினேன். வேற எங்கயும் காதுன்னு ஒரு வார்த்தைகூட தேடல. டாக்டர்கிட்ட போன்லதான் நேரம் வாங்கினேன். அப்போ இது எங்கேருந்து வந்துச்சு?"

நான் உடனே எங்கள் தளத்துக்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்தேன். அதைச் சொல்லவே இப்போது வெட்கமாக இருக்கிறது. செட்டிங் போட்டிருக்கிறது, பச்சை எழுத்து வந்தது, அதனால் எங்கள் பக்கம் தவறு இருக்கவே முடியாது என்றேன். விளம்பரக்காரர்கள் குத்துமதிப்பாக எல்லோருக்கும் போடுவார்கள் என்றேன். வயதைப் பார்த்துப் போட்டிருப்பார்கள் என்றுகூட சப்பைக்கட்டு கட்டினேன். அக்கா நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"பச்சை எழுத்து வந்துச்சு. நானும் பார்த்தேன், நீயும் பார்த்தே. அது வந்ததுக்கு அப்புறம் அவங்க என்ன பண்றாங்கன்னு யாராவது பார்த்தீங்களா?"

நீதிமன்றத்தில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தவள் கேட்கிற கேள்வி. முந்நூற்று நாற்பது வரிகளில் அப்படி ஒரு வரியே கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக ஹெட்போனிடம் போனேன். எங்கள் தளத்துக்கு நிரல் எழுதுகிறவர். எந்நேரமும் காதில் அதை மாட்டிக்கொண்டே இருப்பதால் அவருக்கு அந்தப் பேர். நல்ல மனிதர், கேட்டதைச் செய்வார், கேட்காததைச் செய்யவே மாட்டார். பச்சை எழுத்துக்கான நிரலைக் காட்டச் சொன்னேன். காதிலிருந்து ஒரு பக்கத்தை மட்டும் கழற்றிவிட்டுத் திறந்து காட்டினார். நான்கே வரி. பிரவுசர் பின்தொடராதே என்று சொல்கிறதா, அப்படியானால் பச்சை எழுத்தைக் காட்டு. அத்துடன் முடிந்தது.

"சரி, பார்க்கிறவங்க விவரத்த வெளிய அனுப்புறத நிறுத்துற இடம் எங்க?"

"அது இல்லீங்க. எழுத்த காட்டணும்னுதான் கேட்டாங்க. நிறுத்தணும்னு யாரும் கேக்கல."

அதை அவர் சொன்ன விதத்தில் துளி கூச்சம் இல்லை. இன்றைக்கு மழை வரவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார். பக்கத்திலிருந்து வெளியே போகிறதையெல்லாம் வரிசையாகக் காட்டுகிற சாளரம் ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு, அவர் கணினியிலேயே செட்டிங்கைப் போட்டுக் காதுப் பரிசோதனையை நானே செய்தேன். வலது காதுக்கு ஒழுங்காக அழுத்தினேன். இடது காதுக்கு மூன்று முறை மட்டும் அழுத்திவிட்டு மற்றதையெல்லாம் வேண்டுமென்றே விட்டேன். அக்கா கேட்காமல் விட்ட ஒலிகள் ஒவ்வொன்றாக என் காதில் தெளிவாக விழுந்தன. அதைத் தாங்கிக்கொள்ளத்தான் கஷ்டமாக இருந்தது.

பக்கத்தின் அடியில் 'உங்கள் விருப்பத்தை மதிக்கிறோம்' என்று பச்சையாகச் சிரித்துக்கொண்டிருந்தது. பக்கத்துச் சாளரத்தில் பட்டியல் ஓடியது. நான் ஒவ்வொரு முறை அழுத்தியபோதும் ஒரு வரி வெளியே போயிருந்தது. பத்தொன்பது நிறுவனங்களுக்கு. அவற்றில் ஒன்றின் பெயரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. கடைசி வரியில் எல்லாம் சுத்தமாகத் தொகுத்திருந்தது: காதுப் பரிசோதனை, வலது பத்து, இடது மூன்று. அதற்கும் கீழே இன்னொன்று: பின்தொடராதே என்று கேட்டவர், ஆம்.

அது எதற்கு அங்கே என்று கேட்டேன். ஹெட்போன் இன்னொரு காதையும் கழற்றினார்.

"அது விளம்பரக் கம்பெனிங்க கேட்டது. இந்த செட்டிங் போடுறவங்க ரொம்பக் கம்மி. அதனால கூட்டத்துல இந்த ஆள் யாருன்னு கண்டுபிடிக்க அது ரொம்ப உதவியா இருக்குமாம்."

எனக்குக் கோபம் வரும் என்று முன்பே சொன்னேன். ஆனால் அதுவரை எனக்கு வந்ததெல்லாம் கோபமே இல்லை போலிருக்கிறது. தயவுசெய்து பின்னால் வராதே என்று ஒரு மனுஷி திரும்பி நின்று சொல்கிறாள். வாய் கூசாமல் சரி என்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டு, திரும்பி நின்று சொன்ன முகத்தைப் பார்த்து அடையாளம் குறித்துக்கொள்கிறார்கள். கேட்காமல் இருந்திருந்தால்கூட அவள் கூட்டத்தோடு கூட்டமாகப் போயிருப்பாள். கேட்டதால் மாட்டிக்கொண்டாள். கேட்கச் சொல்லிக் கொடுத்தது நான். அந்தச் செட்டிங்கை இந்தக் கையால்தான் தட்டி வைத்தேன்.

அன்றைக்கு நான்கு மணிக்கு வெளியீடு. முந்நூற்று நாற்பது வரியையும் முடித்துவிட்டு, இருநூற்றுப் பன்னிரண்டாவதுக்குச் சிவப்பு வைத்தேன். குறிப்பு எழுதுகிற கட்டத்தில், எழுத்து தெரிகிறது, ஆனால் அது பொய் என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

பத்து நிமிடத்தில் பரவாயில்லை வந்துவிட்டார். எங்கள் மேலாளருக்கு அலுவலகத்தில் அதுதான் பேர். எதைச் சொன்னாலும் முதலில் பரவாயில்லை என்பார், பிறகுதான் என்ன விஷயம் என்று கேட்பார். அன்றைக்கு அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எழுத்து தெரியுதா?"

"தெரியுது."

"சோதனைத் தாள்ல என்ன கேட்டிருக்கு? தெரியுதான்னுதானே? தெரியுது. அப்புறம் எதுக்கு சிவப்பு?"

நான் பட்டியலைக் காட்டினேன். அவருக்கு அது புதுச் செய்தி இல்லை என்பது அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பட்டும் படாமலும் பேசினார். மதிக்கிறோம் என்றுதான் போட்டிருக்கிறோம், நிறுத்துகிறோம் என்று எங்கேயும் போடவில்லையே என்றார். எல்லாத் தளமும் இப்படித்தான், நாம் மட்டும் யோக்கியமாக இருந்து என்ன ஆகப்போகிறது என்றார். வேறு சமயமாக இருந்தால் காதில் பூச்சுற்றுகிற பேச்சு என்று சிரித்திருப்பேன். அக்கா நகல் பிரிவில் உட்கார்ந்து யாரோ எடுத்த வாக்குமூலத்தைப் படி எடுத்துக்கொண்டிருக்கிற நேரம் அது. அவளைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுடைய காதைப் பற்றி அவளைக் கேட்காமல் இன்னொருவரிடம் சொன்னால் எனக்கும் அந்தப் பத்தொன்பது நிறுவனங்களுக்கும் என்ன வித்தியாசம். அதனால் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். அனுப்புவதை நிறுத்துங்கள், நானே பச்சை வைக்கிறேன்.

அவர் எழுந்தார். போகிற போக்கில் பழைய தாள்களை என் திரையிலேயே திறந்து காட்டினார்.

"நாப்பத்தொரு தடவை இதுக்கு பச்சை வெச்சது யாரு? கையெழுத்து யாரோடது? நாளைக்கு யாராவது கேட்டா நாங்க இதைத்தான் காட்டுவோம். சோதிச்சவங்க சரின்னு சொன்னாங்கன்னு."

சுருக்கென்று தைத்தது. ஆனால் சிவப்பை எடுக்கவில்லை. நான்கு மணி ஆயிற்று, வெளியீடு போகவில்லை. மேலே ஏதோ கூட்டம் நடப்பதாகச் சொன்னார்கள். எனக்குள் ஒரு முட்டாள் நம்பிக்கை முளைத்துவிட்டது. அவர்களுக்கும் உறைத்திருக்கும், நிறுத்திவிடுவார்கள், அக்காவிடம் போய் இனி யாருக்கும் இப்படி நடக்காது என்று சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தரை மணிக்குச் செய்தி வந்தது. பிரச்சினை சரிசெய்யப்பட்டது, நன்றி. நான் காதுப் பரிசோதனைப் பக்கத்தைத் திறந்தேன். அடியில் பச்சை எழுத்து இல்லை. பக்கத்துச் சாளரத்தைப் பார்த்தேன். பட்டியல் பழையபடியே ஓடியது, பத்தொன்பது நிறுவனங்களுக்கும். அவர்கள் எடுத்தது அந்த எழுத்தை மட்டும்தான். சோதனைத் தாளைத் திறந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியில் 'படங்கள் சரியான அளவில் தெரிகின்றனவா' என்று இருந்தது. மதியம்வரை அது இருநூற்றுப் பதின்மூன்று. மொத்தம் முந்நூற்று முப்பத்தொன்பது வரிகள், எல்லாம் பச்சை, கீழே மதியம் நான் போட்ட கையெழுத்து. நான் வைத்த சிவப்பை யாரும் மாற்றவில்லை, சட்டப்படி மாற்ற முடியாதே. அதனால் வரியையே எடுத்துவிட்டார்கள். வெளியீடு ஐந்து மணிக்கே போயிருந்தது.

ஹெட்போன் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு வரியை அழிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். நான் அவரிடம் போய்ச் சண்டை போடவில்லை. பழைய தாள்கள் நாற்பத்தொன்றையும், வெளியே போகிற பட்டியலையும் அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். இதோடு இந்த வேலை போய்விடும் என்று தெரியும். அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது பரவாயில்லை என்னைக் கடந்து போனார். என்ன அச்செடுக்கிறேன் என்று கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன். பத்தொன்பது நிறுவனங்களுக்கும் போனது, பின்தொடராதே என்று கேட்டதையே அடையாளமாக எழுதினது, பச்சை எழுத்தை எடுத்தது, வரியை எடுத்தது. அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. கடைசித் துணியையும் மடித்து வைத்துவிட்டு, நாட்டில் தனியுரிமை ஆணையம் என்று ஒன்று இருக்கிறதே, அங்கே எழுத்தில் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டாள். எடுத்துக்கொள்வார்கள் என்றேன். மடிக்கணினியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்து, தன் நாற்காலியில் உட்கார்ந்து, முதலிலிருந்து நிதானமாகச் சொல் என்றாள்.

நான் 'அவர்கள்' என்று ஆரம்பித்தேன். ஏமாற்றுக்காரர்கள், மனசாட்சி இல்லாதவர்கள் என்று மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினேன். அவள் விரல்கள் அசையவே இல்லை.

"அவங்களப் பத்தி நீ நினைக்கிறதெல்லாம் வேண்டாம். நீ பார்த்ததைச் சொல்லு. நீ செஞ்சதைச் சொல்லு."

சொன்னேன். உட்கார முடியாமல் மேசையைச் சுற்றி நடந்துகொண்டே சொன்னேன். அவள் விரல்கள் என் கூடவே ஓடின. பார்த்ததைச் சொல்வது சுலபமாக இருந்தது. செய்ததுக்கு வந்தபோது என் குரல் இறங்கிவிட்டது. அந்த ஒரு வாக்கியத்தை முணுமுணுத்துவிட்டு அடுத்ததுக்குத் தாவினேன். தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது.

"அந்தப் பக்கம் நின்னு சொன்னது எனக்குக் கேக்கல. இந்தப் பக்கம் வந்து சொல்லு."

நான் அவளுடைய இடது பக்கம் நின்றுகொண்டிருந்தேன். தெரிந்து நின்றேனா தெரியாமல் நின்றேனா என்று எனக்கே தெரியவில்லை. மேசையைச் சுற்றி வலது பக்கம் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் காதருகே உட்கார்ந்து சத்தமாகச் சொன்னேன். எழுத்து தெரிகிறதா என்று நாற்பத்தொரு முறை பார்த்தேன், அது உண்மையா என்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை, அப்படிப் பார்க்காமலே என் அக்காவை நம்பச் சொன்னேன்.

சொன்னபடியே அடித்தாள். பிறகு முதலிலிருந்து கடைசிவரை படித்துக் காட்டினாள். அந்த வாக்கியம் வந்தபோதும் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இது நீ சொன்னதுதானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அச்செடுத்து நீட்டினாள். கையெழுத்துப் போட்டேன்.

அத்துடன் முடிந்தது என்று எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்து, மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள்.

"இப்போ என்னோடது. நான் சொல்றேன், நீ அடி."

நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு நீதிமன்றத்தில் கூண்டில் நிற்கிறவர்கள் பேசுகிற மாதிரி, நேராகப் பார்த்துக்கொண்டு, எழுத்து நடையிலேயே ஆரம்பித்தாள்.

"என் இடது காது சரியாகக் கேட்பதில்லை. இதை என் வாயால் முதலில் சொல்லியிருக்க வேண்டியவள் நான்."

ஒரு எழுத்தும் மாற்றாமல் அடித்தேன். அடித்து முடித்துவிட்டு, அவள் கேட்பதற்கு முன்னாலேயே, அவளுடைய வலது காதுப் பக்கமாகத் திரும்பி அவளுக்குப் படித்துக் காட்டினேன்.